‘உப்பு அதிகமா?’ என்று ஒரு தலைப்பு

இணையத்தில் உடல்நலச் செய்தி எழுதும் வேலையை விட்டபோது எனக்கு முப்பத்து மூன்று வயது. “ரிடையர் ஆனவங்களுக்கு எழுதி எழுதி, கடைசியில அவங்களோட சேர்ந்து நீயும் ரிடையர் ஆயிட்டே” என்று உடன் வேலை பார்த்தவர்கள் கேலி செய்தார்கள். அந்தத் தொழிலுக்கு நான் திரும்பிப் போகவில்லை. ஆகவே ஓய்வு என்ற சொல்லைக் கூச்சமில்லாமல் பயன்படுத்திக்கொள்கிறேன்.

சமீபத்தில் இரண்டு பெண்கள் என்னைத் தேடி வந்தார்கள். முதியவர்களுக்கு மருத்துவச் செய்திகளைத் தமிழில் மின்னஞ்சல் மூலம் அனுப்பும் சேவை ஒன்றைத் தொடங்கப்போகிறார்களாம். “அக்கா, பெரிசா ஒண்ணும் வேணாம். ஒரு செக்லிஸ்ட் குடுங்க, போதும்” என்றார் ஒருவர்.

செக்லிஸ்ட் கொடுப்பது எனக்குக் கடினமில்லை. துணி ஊறப்போடுவதைக்கூட மனத்தில் எண் போட்டுச் செய்கிறவள் நான். எழுத்துரு, இணைப்புகள், எச்சரிக்கைகள், தொலைபேசி என்று தலைப்புகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் கீழும் செய்ய வேண்டியதைக் குறித்தேன். கடைசியாக ‘சொற்கள்’ என்று எழுதினேன். அதன் கீழ் வர வேண்டியது ஒரு மனிதருக்கு நடந்தது. அதைக் குறிப்பாகச் சுருக்க முடியவில்லை. அந்தப் பெண்களுக்கு அனுப்பிய பட்டியலில் அந்த இடம் காலியாகவே போனது. அங்கே இருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

குடியாத்தத்துக்குப் பக்கத்தில் பிறந்து, வேலூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டுப் பெங்களூருக்கு வந்தேன். மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கும் வேலை. டாட்காம் நிறுவனங்கள் சரிந்தபோது அந்த வேலை போயிற்று. ஜீவனஹள்ளியில் அறை வாடகை கொடுத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. காக்ஸ் டவுனில் பெயின்ட் கடைக்கு மேல்மாடியில் இயங்கிய ஒரு சிறு நிறுவனத்தில் சேர்ந்தேன். பொதுத்துறைத் தொழிற்சாலைகளில் ஓய்வு பெற்றவர்களுக்காக ஆங்கிலம், கன்னடம், தமிழ் மூன்றிலும் அவர்கள் ஓர் இணையதளம் நடத்தினார்கள். அதன் பெயர் இப்போது எங்கும் இல்லை. இங்கும் அது வேண்டாம். தமிழ்ப் பக்கம் முழுவதும் என் பொறுப்பு. வாசகர்கள் அதை ‘நம்ம பக்கம்’ என்றுதான் சொன்னார்கள்.

பக்கத்தின் இடது பாதியில் பயனுள்ள இணைய முகவரிகள்: ஓய்வூதிய விதிகள், ரயில் முன்பதிவு, கண் மருத்துவமனைகள், ரத்த வங்கிகள், காது கேட்கும் கருவி விற்பவர்கள். வலது பாதியில் உடல்நலச் செய்திகள். முகவரிகளைப் போடுவது எளிது. அவை உயிரோடு இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் வேலை. திங்கட்கிழமை காலை ஒவ்வொன்றாகத் திறப்பேன். முதல் பக்கம் திறந்தால் போதாது. வாசகர் எதற்காகப் போகிறாரோ அந்த இடம்வரை போய்ப் பார்க்க வேண்டும். ஒருமுறை கண்தான முகவரி ஒன்றை அதன் உரிமையாளர்கள் புதுப்பிக்காமல் விட்டார்கள். வேறு யாரோ வாங்கிச் சூதாட்டத் தளமாக்கிவிட்டார்கள். மறுநாளே தொலைபேசி வந்தது. “ஏம்மா, கண்ணைத் தானம் பண்ணலாம்னு போனா, சீட்டு ஆடக் கூப்பிடறாங்க? பக்கத்துல மருமக நின்னுட்டிருக்கா!” அன்றிலிருந்து வெள்ளிக்கிழமையும் ஒரு சுற்று பார்க்கத் தொடங்கினேன்.

எழுத்துரு இன்னொரு தொல்லை. அப்போது தமிழ் எழுத்துரு ஒவ்வொரு கணினியிலும் தனியாக இறக்கப்பட வேண்டும். இல்லையென்றால் பக்கம் முழுவதும் கேள்விக்குறியும் விசித்திரக் குறிகளுமாகத் தெரியும். எங்கள் வாசகர்கள் பெரும்பாலும் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து படிக்கிறவர்கள். அங்கே யார் எழுத்துரு இறக்குவது? ஆகவே முக்கியமான செய்திகளைப் படமாக மாற்றி ஏற்றினோம். படத்தில் ஓர் எழுத்தைத் திருத்த வேண்டுமென்றால் முழுப் படத்தையும் புதிதாகச் செய்ய வேண்டும்.

எனக்கு மேலே குருராஜ் சார் இருந்தார். கன்னடக்காரர். அல்சூரில் வளர்ந்ததால் தமிழ் பேசுவார்; எழுத்துக் கூட்டிப் படிக்கவும் செய்வார். அதற்கு முன் ஒரு விமானத் தொழிற்சாலையில் பராமரிப்புக் கையேடுகள் எழுதும் பிரிவில் இருந்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கோபத்துக்குப் பதில் அவர் செய்துபார்ப்பார்.

கண்புரை அறுவைக்குப் பிறகு சொட்டு மருந்து போட்டுக்கொள்ளும் முறையை ஒருமுறை எழுதிக் கொடுத்தேன். தலையைப் பின்னால் சாயுங்கள், கீழ் இமையை விரலால் மெல்ல இழுங்கள், குப்பியைக் கண்ணுக்கு மேல் பிடித்து அழுத்துங்கள் என்று எழுதியிருந்தேன். குருராஜ் சார் மேஜை இழுப்பறையிலிருந்து தண்ணீர் நிரப்பிய சொட்டு மருந்துக் குப்பி ஒன்றை எடுத்தார். நாற்காலியில் தலையைச் சாய்த்தார். இமையை இழுத்தார். குப்பியை அழுத்தினார்.

“வரல்லவே மஞ்சுளா.”

“சார், மூடியைத் திறக்கணும்.”

“ஹௌதா, அப்படியா? எங்கே எழுதியிருக்கீங்க?”

மூடியைத் திறந்துகொண்டு மறுபடி தொடங்கினார். குப்பியின் நுனி அவர் இமைமயிரில் பட்டது. அப்படியே அசையாமல் இருந்துகொண்டு கேட்டார். “இது படலாமா?”

“கூடாது சார். கடைசி வரியில எச்சரிக்கை போட்டிருக்கேன்.”

“கடைசி வரிக்கு வர்றதுக்குள்ள கண்ணு போயாச்சே அம்மா.”

அதுதான் அவர் முறை. எச்சரிக்கை முதலில், செயல் பிறகு. ஒரு வாக்கியத்தில் ஒரு செயல். ‘தேவையான அளவு’, ‘அவ்வப்போது’ போன்ற சொற்கள் கூடாது. ஆங்கிலத்தில் வரும் செய்தியை நான் தமிழில் எழுத, அவர் அதைக் கையால் காலால் செய்துபார்ப்பார். பிறகு வாரம் ஒருமுறை வரும் ஆலோசகர் மருத்துவர் ஒப்புதல் தருவார். மருத்துவருக்குத் தமிழ் புரியும், படிக்க வராது. நான் வாசிக்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சரி என்று தலையசைத்தால், பக்கத்தின் அடியில் ‘மருத்துவர் ஒப்புதல் பெற்றது’ என்ற வரி சேரும்.

செவ்வாய்க்கிழமை பிற்பகலில் வாசகர்கள் தொலைபேசியில் பேசலாம். எடுப்பது நான். அதற்கும் ஒரு விதி உண்டு: பக்கத்தில் இருப்பதைப் படித்துக் காட்டலாம், சொந்தமாக எதுவும் சொல்லக் கூடாது. ‘உங்கள் டாக்டரைக் கேளுங்கள்’ என்று முடிக்க வேண்டும். என் வாய் பழகிப்போன வாக்கியம் அது.

தவறாமல் பேசுகிறவர்களில் மாணிக்கம் என்பவர் ஒருவர். தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெங்களூரில் தமிழர்கள் நிறைந்த மர்பி டவுனில் சொந்தமாகச் சின்ன வீடு. தெருமுனையில் பிரௌசிங் சென்டர், அதிலேயே எஸ்.டி.டி. பூத்தும் உண்டு. அங்கே உட்கார்ந்து நம்ம பக்கத்தைப் படிப்பார், பிரின்ட் எடுப்பார், கையோடு பூத்திலிருந்து எனக்குப் பேசுவார். முழங்கால் பயிற்சி செய்தியைப் படித்துவிட்டு, “நீங்க போட்ட எக்சர்சைஸ் பண்ணேன்மா. கட்டிலு ஒடஞ்சிபோச்சு, முட்டி அப்படியேதான் கீது” என்று சிரித்தவர் அவர்தான். சிரிப்புக்குப் பின்னால் நம்பிக்கை பெரிதாக இருந்தது. பிரின்ட்களைக் கோப்பில் கட்டி வைத்திருந்தார். யாராவது தலைவலி என்றால் கோப்பைப் பிரித்துவிடுவாராம்.

உப்பைப் பற்றிய செய்தி அந்த நாட்களில்தான் வந்தது. உணவில் உப்பு மிகுந்தால் ரத்த அழுத்தம் உயரும், சோடியம் குறைந்த மாற்று உப்பு மருந்துக் கடைகளில் கிடைக்கிறது, அது சிலருக்கு உதவும் என்பது சாரம். மாற்று உப்பில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களின் உடலிலிருந்து பொட்டாசியம் வெளியேறாது. ரத்தத்தில் தேங்கி இதயத்தை நிறுத்திவிடக்கூடும். ஆகவே குருராஜ் சார் முறைப்படி எச்சரிக்கையை முதலில் வைத்தேன். கட்டம் கட்டி, தடித்த எழுத்தில்: ‘சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மாற்று உப்பைப் பயன்படுத்தக் கூடாது.’ அதற்கு மேலே தலைப்பு: ‘உப்பு அதிகமா? மாற்று வழி இருக்கிறது.’

குருராஜ் சார் ஒரு பாக்கெட் மாற்று உப்பு வாங்கி வந்து தயிர்சாதத்தில் கலந்து சாப்பிட்டுப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். “கொஞ்சம் கசக்கும்னு எழுதுங்க. இல்லேன்னா கெட்டுப்போச்சுன்னு கடைக்காரன்கிட்ட சண்டைக்குப் போவாங்க” என்றார். எழுதினேன். மருத்துவர் கேட்டுத் தலையசைத்தார். பக்கம் ஏறியது.

சில வாரங்களுக்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மாணிக்கம் பேசினார்.

“இன்னாமா மஞ்சுளா, நல்லாக்கிறியா? உன் உப்பு வாங்கிட்டன்.”

“எந்த உப்பு சார்?”

“அதாம்மா, நம்ம பக்கத்துல போட்டிருந்தாங்களே, மாத்து உப்பு. அல்சூர்ல மெடிகல்ல கெடச்சுது. கசக்கும்னு போட்டிருந்தது கரெக்டு. எங்க வூட்டுக்காரி சமையலுக்கு அது ஒண்ணும் பெரிய வித்தியாசமில்ல.”

பின்னாலிருந்து யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. நானும் சிரித்தபடி, “உங்களுக்கு பி.பி. இருக்குன்னு சொன்னதே இல்லையே சார்” என்றேன்.

“பிரஷரா? லேசாக் கீதுன்னாங்க, அது கெடக்குது. எனக்கு உப்புதாம்மா. ரத்தம் டெஸ்ட் பண்ணி, கிளினிக்ல டாக்டரு சொன்னாரு. ரத்தத்துல உப்பு ஜாஸ்தியாக்குது, ஜாக்கிரதையா இருன்னாரு. அந்த வாரமே நம்ம பக்கத்துல ‘உப்பு அதிகமா?’ன்னு தலைப்பு! எனக்குன்னே போட்டாப்ல இருந்துச்சு.”

நான் சிரிப்பதை நிறுத்தினேன்.

இதை வெளியூர் வாசகர்களுக்கு விளக்க வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆஸ்பத்திரிகளில் யூரியா, கிரியேட்டினின் என்றெல்லாம் நோயாளியிடம் சொல்ல மாட்டார்கள். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவுகள் ரத்தத்தில் தேங்கிவிட்டால், ‘உப்பு இருக்கு’, ‘உப்பு ஏறிடுச்சு’ என்பார்கள். குடியாத்தத்தில் என் பெரியப்பாவுக்கு அப்படித்தான் சொன்னார்கள். மர்பி டவுனிலும் அதே தமிழ்தான். பேச்சில் அந்தச் சொல்லுக்கு அந்தப் பொருள். எழுத்தில் உப்பு என்றால் சமையலறையில் இருப்பது மட்டும். மாணிக்கம் பேச்சில் கேட்ட சொல்லோடு வந்து என் எழுத்தைப் படித்திருக்கிறார். அவருக்கு இருந்தது சிறுநீரகக் கோளாறு. அது இருப்பவர்கள் தொடக் கூடாத பொருளை, அதற்கு மருந்து என்று நினைத்துத் தினமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“சார், மேலே கட்டம் கட்டி ஒரு எச்சரிக்கை இருந்ததே, படிச்சீங்களா?”

“படிக்காம இருப்பனா? கிட்னி கேஸுங்க சாப்பிடக் கூடாதுன்னு. எனக்கு கிட்னியெல்லாம் நல்லாக்குதும்மா. உப்பு மட்டும்தான்.”

“கால்ல பலம் எப்படி இருக்கு?” என்று கேட்டேன். பொட்டாசியம் ஏறினால் தசைகள் தளரும் என்று அந்தச் செய்தியின் ஆங்கில மூலத்தில் படித்திருந்தேன்.

“அதான் ரெண்டு நாளா மாடிப்படி ஏற முடியல. காலு என் பேச்சக் கேக்க மாட்டேங்குது. வயசாவுதில்ல.”

விதியை நான் அப்போது யோசிக்கவில்லை. “அந்த உப்பை இனிமே தொடாதீங்க சார். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. டாக்டர் உப்புன்னு சொன்னது கிட்னியைத்தான்” என்றேன்.

“இன்னாமா நீ? பக்கத்துல ஒண்ணு போட்டிருக்குது, நீ ஒண்ணு சொல்ற.”

“அந்தப் பக்கத்தை எழுதினதே நான்தான் சார்.”

சிரித்தார். கேலியாக இல்லை, செல்லமாக. “நீ டைப் பண்ற பொண்ணும்மா. எழுதறது டாக்டருங்க. அடியில டாக்டர் ஒப்புதல்னு போட்டிருக்குதே. நெட்ல மாத்திப் போடட்டும், நான் உடனே நிறுத்திடறன். இங்கதான் உக்காந்திருக்கேன்.”

குருராஜ் சாரிடம் ஓடினேன். அவர் முழுவதையும் கேட்டார். முதல்முறையாக அவர் செய்துபார்க்க எதுவும் இல்லை. “உங்க பேச்சு நம்பல்ல. பக்கத்தை நம்பறார். அப்போ பக்கம் பேசட்டும்” என்றார். ஆலோசகர் மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தோம். அவர் பதறிப்போய், “மொதல்ல ஆளை அட்மிட் பண்ணுங்க” என்றார். நான் புதிய வாசகத்தை எழுதினேன். படமாக்கினேன். பழைய படத்தின் இடத்தில் ஏற்றினேன்.

பூத்திலிருந்து மாணிக்கம் பேசினார். “பாத்தன்மா. அப்படியேதான் கீது.”

அந்தக் கணினி பழைய படத்தையே தன்னிடம் சேமித்து வைத்திருக்கிறது. அதையே திரும்பக் காட்டுகிறது. எனக்குப் புரிந்தது. அவருக்கு எப்படிச் சொல்வது?

“ரிஃப்ரெஷ் பண்ணிப் பாருங்க சார்.”

“இன்னா ப்ரெஷ்ஷு? கறிகாயா இது? நான் வூட்டுக்குப் போறன்மா, நிக்க முடியல.”

வைத்துவிட்டார்.

புதிய பக்கத்தை பிரின்ட் எடுத்தோம். பக்கத்தின் தலையில் எங்கள் சின்னமும் அன்றைய தேதியும், அடியில் மருத்துவர் ஒப்புதல் வரியும் இருந்தன. அவை தெளிவாக விழுந்திருக்கின்றனவா என்று குருராஜ் சார் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆட்டோ பிடித்து மர்பி டவுன் போனோம். பிரௌசிங் சென்டரில் விசாரித்தபோது வீட்டைக் காட்டினார்கள்.

மாணிக்கம் கட்டிலில் படுத்திருந்தார். குரலை வைத்து நான் கற்பனை செய்ததைவிட ஒல்லியான மனிதர். அவர் மனைவி கமலம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் மாணிக்கம் எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. “அடடே, டைப் பொண்ணு! கமலா, டீ போடு” என்றார்.

“டீ பேடா, வேண்டாம். மொதல்ல இதைப் படிங்க” என்று குருராஜ் சார் காகிதத்தை நீட்டினார்.

மாணிக்கம் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு தேதியைப் பார்த்தார். அடிவரியைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுப் படித்தார்.

“‘ரத்தத்தில் உப்பு என்று டாக்டர் சொன்னவர்கள் மாற்று உப்பைத் தொடக் கூடாது. அங்கே உப்பு என்பது சமையல் உப்பு அல்ல. உங்கள் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள்.’”

இரண்டாம் முறை மனத்துக்குள் படித்தார். காகிதத்தைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார்.

“அப்ப எனக்கு கிட்னியா?”

தனக்கு என்ன நோய் என்பதை அவர் எங்கள் பக்கத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டார். நான் தலையசைத்தேன். கமலம்மா கீரைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

அதற்குப் பிறகு மாணிக்கம் எதிர்த்துப் பேசவில்லை. குருராஜ் சாரும் ஆட்டோக்காரரும் இருபுறமும் தாங்கி வெளியே கொண்டுவந்தார்கள். வழியில், “நெட்ல வந்துடுச்சு இல்ல, சரியாப்பூடும்” என்று மனைவிக்கு ஆறுதல் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பின் கோட்டைப் பார்த்ததுமே பணி மருத்துவர் ஊசிகளுக்கு ஆள் அனுப்பினார். பொட்டாசியத்தை இறக்கப் போராடினார்கள். மாலையில் சற்று தெளிந்தது போலிருந்தது. சிறுநீரகம் ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. மறுநாள் டயாலிசிஸுக்கு எடுத்துப்போக ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோதே இதயம் நின்றுவிட்டது.

மறுவாரம் குருராஜ் சார் அந்தச் செய்தியின் முதல் பிரின்டை மேஜையில் விரித்து வைத்து, அடிக்கோலை ஒவ்வொரு வரியின் கீழும் நகர்த்தி வாசித்தார். ஒவ்வொரு வரியும் சரி. எச்சரிக்கை சரி, அதன் இடம் சரி. கசக்கும் என்றதுகூடச் சரி. கடைசியில் அடிக்கோலைத் தலைப்பின் கீழ் கொண்டுபோய் வைத்தார்.

“ப்ளேன் மேனுவல்ல மொதல் பாடம் இது, மஞ்சுளா. ஒரு பார்ட்டுக்கு ஒரே பேர். ஒரே பேர் ரெண்டு பார்ட்டுக்கு இருந்தா, மெக்கானிக் தப்பானதைக் கழட்டுவான். நான் தமிழ் ஓதினேன். ஆனா தமிழ்ல எனக்கு நோவு வந்ததில்ல. உப்புன்னா எனக்கு உப்புதான்.”

அவர் நிர்வாகத்துக்கு ஒரு யோசனை எழுதினார். ஒவ்வொரு செய்தியையும் ஏற்றும் முன், மர்பி டவுன் போன்ற இடங்களில் உள்ள வாசகர்கள் சிலருக்குப் படித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்டு வர வேண்டும் என்றார். நிர்வாகம் வேறு முடிவெடுத்தது. ‘இது மருத்துவ ஆலோசனை அல்ல’ என்ற வரி எல்லாப் பக்கங்களின் அடியிலும் சேர்ந்தது. செவ்வாய்க்கிழமைத் தொலைபேசி நின்றது. குருராஜ் சார் செய்துபார்ப்பதையும் நிறுத்திவிட்டார். நான் எழுதிக் கொடுப்பதை வாசித்துக் கையெழுத்துப் போட்டார். சில ஆண்டுகளில் விளம்பரம் குறைந்து தமிழ்ப் பக்கம் மூடப்பட்டது. யாரும் ஏன் என்று கேட்டு எழுதவில்லை. கேட்கக்கூடியவர்களுக்குப் பேச ஒரு தொலைபேசி எண்ணும் இல்லை.

மாணிக்கத்தின் காரியம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மர்பி டவுன் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். உள்ளே போனதும் வரிசை கலைந்துவிட்டது. கமலம்மா தனியாக இருந்தார். பாய் விரித்து உட்காரச் சொன்னார்.

“உப்பு ஏறிப்போய்தான் செத்தாருன்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க” என்றார். “எனக்கு அதாம்மா வெளங்கல. அவருதான் உப்பையே உட்டுட்டாரே. கல்லுப்பு ஒரு சிட்டிகை போட உடல என்னை.”

“அது வேற உப்பும்மா. நீங்க சமையல்ல போடறது ஒண்ணு. கிளினிக்ல டாக்டர் சொன்னது ஒண்ணு. ஆஸ்பத்திரியில ஏறிடுச்சுன்னு சொன்னது, அந்தப் பாக்கெட்ல இருந்தது. அது மூணாவது.”

“மூணு உப்பா?”

“மூணும்மா.”

கமலம்மா மூன்று விரலை மடக்கிப் பார்த்தார். “எப்பப் பார்த்தாலும் நெட்ல போட்டிருக்குது, நெட்ல போட்டிருக்குதும்பாரு. அதை யாரும்மா எழுதறாங்க?”

“நான்தாம்மா எழுதறேன். அந்த உப்பைப் பத்தி எழுதினதும் நான்தான்.”

அவர் என்னை ஏச வேண்டும் என்று நான் எதிர்பார்த்தேன் என்று நினைக்கிறேன். அவர் நிமிர்ந்து என்னை நன்றாகப் பார்த்தார்.

“நீயா? நெசமாவா? டாக்டருங்கன்னு இல்ல சொன்னாரு.” பிறகு பாயில் சற்று நகர்ந்து பக்கத்தில் வந்தார். “அப்ப ஒண்ணு கேக்கறன். எனக்குச் சக்கரை இருக்குது. வெள்ளைச் சக்கரையை உட்டுட்டேன். டீக்கு வெல்லம் போட்டுக்கலாமா?”

“டாக்டரைக் கேளுங்கம்மா.”

“அவரு சொல்றது வெளங்குனா உன்னை ஏம்மா கேக்கறேன்?”

பழகிய வாக்கியத்தை இன்னொரு முறை சொல்லவில்லை. “வெல்லமும் கூடாதும்மா” என்றேன்.

“சரி, கூடாது” என்று தலையாட்டினார். ஏதோ கணக்குப் போடுவது போல யோசித்தார். “அப்ப தேனு?” என்றார்.